பெயரும் ஒரு சொத்தே



நிலம் வாங்கும்போது நாம் வில்லங்கச் சான்று பெறுகிறோம், பட்டாவைப் பார்க்கிறோம், நான்கெல்லையையும் நடந்து அளக்கிறோம். ஆயினும், அதே நிலத்தை அடகு வைத்துப் பெயர்பெற்ற நிறுவனம் ஒன்றின் கிளைக்கடையைத் தொடங்கும்போது, அச்சிட்ட தாளில் காட்டிய இடத்தில் கையொப்பமிட்டு விடுகிறோம். பிராஞ்சைஸ் என வழங்கும் இக்கிளை உரிமையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

இவ்வணிகத்தில் நாம் பணம் கொடுத்துப் பெறுவது பெரும்பாலும் ஒரு பெயரைப் பயன்படுத்தும் உரிமையே. பெயருக்கு இத்துணை மதிப்பா என ஐயுறுவோர் நம் திண்டுக்கல்லையே பார்க்கலாம். 1957ஆம் ஆண்டில் நாகசாமி நாயுடு அவர்கள் இந்நகரில் ஒரு பிரியாணிக் கடை தொடங்கினார். அவர் அணிந்த தலைப்பாகையே நாளடைவில் கடையின் பெயராயிற்று. அப்பெயர் ஊர் பல கடந்து பரவியது. அதனை ஒத்த பெயரைப் பிறர் வைத்துக்கொள்ளலாமா என்னும் வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. சீரகச் சம்பா அரிசி சந்தையில் கிடைக்கும். மக்கள் நம்பிய பெயர் சந்தையில் கிடைப்பதில்லை.

நம் நாட்டில் கிளை உரிமைக்கெனத் தனிச் சட்டம் இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும், 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டமுமே முதன்மையான துணை. ஆகவே, நம் உரிமைகளில் பெரும்பகுதி நாம் கையொப்பமிடும் தாளிலேயே அடங்கியுள்ளது.

வாங்குவோர் ஐந்து கேள்விகளைக் கேட்க வேண்டும். பெயர் பதிவாகியுள்ளதா, யாருக்கு உரியது? பதிவு பத்தாண்டுகளுக்கே செல்லும். பின் புதுப்பிக்க வேண்டும். கொடுத்த முன்பணம் திரும்புமா? நம் கடைக்கு அருகிலேயே இன்னொரு கிளை தரப்படுமா? விற்காத சரக்கு யார் பொறுப்பு? பிணக்கு எழுந்தால் விசாரணை எவ்வூரில்? டில்லி என்று தாளில் இருந்தால், வேடசந்தூர் உழவர் டில்லிக்கு அலைய நேரும்.

கடை நடத்துவோர், ஓராண்டுக்கு மேற்பட்ட கட்டடக் குத்தகையைப் பதிவு செய்தல் வேண்டும். விற்போர், பெயருக்கு உரியவரின் எழுத்து மூலமான இசைவு ஒப்பந்தப்படி தேவையா எனப் பார்த்த பின்னரே முன்பணம் வாங்குதல் நன்று.

வழக்குரைஞருக்குக் கொடுக்கப் பணம் ஏது என்று சிலர் கேட்கலாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின்படி, பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறித்த வரம்புக்குட்பட்ட வருமானமுடையோர் ஆகியோர் இலவச சட்ட உதவி பெறலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம். 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். இரு தரப்பும் இசைந்தால் மக்கள் நீதிமன்றத்தில் பிணக்கைத் தீர்த்துக் கொள்ளலாம். அதன் தீர்வு இறுதியானது, மேல்முறையீடு இல்லை.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே. ஊரில் எவரேனும் நிலத்தை ஈடு வைத்துக் கிளை உரிமை வாங்க முனைந்தால், கையொப்பத்திற்கு முன் அத்தாளைச் சட்டம் அறிந்தவரிடம் காட்டச் சொல்லுங்கள். வெள்ளம் வருமுன் அணை போடுவதே அறிவுடைமை.