செங்காந்தளின் கிழங்கு

புதுச்சேரிக்கு வடக்கேயுள்ள செம்மண் மேடு, 1968 இல் ஆரோவில் தொடங்கப்பெற்றபோது, மழைநீர் அரித்த பாலைபோல் கிடந்தது. இன்று அங்கே மரங்கள் தழைத்துள்ளன. மரங்களைவிட அவற்றின் அடியில் படரும் கொடிகளை மீட்பதே அரிய பணி. அத்தகைய கொடிகளுள் ஒன்று செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர்.

கோடையில் இக்கொடி மண்மேல் தடமின்றி மறையும். கலப்பை வடிவக் கிழங்கு மட்டும் நிலத்தடியில் உறங்கும். மழை பெய்ததும் முளைத்து, இலை நுனியையே சுருட்டிப் பற்றிக்கொண்டு வேலியேறும். மஞ்சளாய் விரியும் இதழ்கள் நாளடைவில் செந்தீ நிறம் கொள்ளும். கார்த்திகைப்பூ என்று மூதாட்டியர் சொல்வது இதனையே.

பூப்பறிப்போரால் நேர்ந்த கேடு சிறிது. இதன் விதையிலுள்ள கோல்சிசின், யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு நோவுக்கு மருந்து. அம்மாத்திரை உண்போர் இவ்வவையிலும் இருக்கலாம். அதன்பொருட்டே மூலனூர், வேதாரணியம் பகுதிகளில் இது பயிராகிறது. விதையிட்டால் பூக்கச் சில ஆண்டுகள் ஆகுமாதலின், நடுவதற்கான கிழங்கைக் காட்டிலிருந்தே அகழ்ந்து வந்தனர். பூவைக் கொய்தால் கொடி மறுமழைக்கு எழும். கிழங்கை அகழ்ந்தால் எழுவதற்கு ஏதுமில்லை. கந்தமூலம் விலக்கிய இல்லத்தார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

தோட்டத்துக்கு வாங்குவோர், கிழங்கு நாற்றங்காலில் வளர்ந்ததா என வினவிப் பெறுக. வேலியோரம் தானே முளைத்திருப்பின் களையென்று கொத்தாது விடுக. கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. குழந்தைகள் கைக்கு எட்டாதிருக்கட்டும்.