துடைப்பம் படாத மூலை

(குறுவள மையக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பள்ளித் தோட்டம் என்றால் நம்மில் பலருக்கும் ஒரே அனுபவம்தான். ஜூனில் கன்று நடுவோம், படம் எடுப்போம். கோடை விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆளிருக்காது. திரும்பி வந்து பார்த்தால் ரோஜாவும் குரோட்டன்ஸும் குச்சியாக நிற்கும். நானும் நான்கு வருடம் குச்சி பிடுங்கியவள்தான்.

பிறகுதான் காசித்தும்பைக்கு மாறினேன். (தும்பைக்கும் இதற்கும் பெயரைத் தவிர உறவில்லை. ஒரு மாணவன் கேட்டு, நான் விழித்த கேள்வி அது.) சில மாதங்களே வாழும் செடி. விடுமுறைக்கு முன்பே பூத்து, காய்த்து, தன் வேலையை முடித்துவிடும். விதை மட்டும் மண்ணில் கிடக்கும். ஆடி மழை விழுந்ததும் தானே முளைக்கும். நம் பள்ளி நாட்காட்டிக்கென்றே பிறந்தது போல!

ஆனால் முதல் வருடம் அதையும் கெடுத்தேன். காய்கள் வெடித்து முடிந்த சமயம், பள்ளியைப் பார்வையிட வருகிறார்கள் என்று தகவல். "டீச்சர், விதை கெடக்குது, அப்படியே விட்டுடட்டுமா?" என்று தூய்மைப் பணியாளர் அக்கா கேட்டார். "இல்லக்கா, நல்லா கூட்டிடுங்க" என்றது நான்தான். மண் பளபளவென்று இருந்தது. அடுத்த ஆடியில் குழாயடிச் சுவர் வெடிப்பில் இரண்டே இரண்டு செடி முளைத்தன. துடைப்பம் எட்டாத இடம் அது. இன்று எங்களிடம் இருப்பதெல்லாம் அந்த இரண்டின் வாரிசுகள். இப்போது அந்த மூலையைச் சுற்றிச் செங்கல் பதித்திருக்கிறோம். உள்ளே துடைப்பம் போகாது.

செய்முறை பெரிதாக ஒன்றுமில்லை. மண்ணைக் கிளறி, விதையைத் தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டால் போதும்; ஆழப் புதைக்கக் கூடாது. ஒரு வாரத்துக்குள் முளைவிடும். நெருக்கமாக வந்தால் நான்கு இலைப் பருவத்தில் பிடுங்கி, ஒரு சாண் இடைவெளியில் நடலாம். தண்டு முழுக்க நீர். ஒருநாள் தண்ணீர் இல்லையென்றால் தலை தொங்கும். தேங்கினாலோ வேர் அழுகும். சிப்காட் பக்கம் இருக்கும் நம் பள்ளிகளில் இலை மேல் தூசி படியும், மாலையில் கொஞ்சம் தெளித்துவிடுங்கள். விதை சேர்க்க வேண்டுமானால், காய் பருத்து வெளிறும்போது உள்ளங்கைக்குள் மூடிப் பிடித்துப் பறிக்க வேண்டும். இல்லையென்றால் விதை உங்கள் கைக்கு வராது, முகத்துக்குத்தான் வரும்! நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு வையுங்கள். பல நிறம் சேர்ந்து நின்றால், தாய்ச்செடியின் நிறமே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

தாவரவியலில் இதன் பேரினத்துக்கு இம்பேஷன்ஸ் என்று பெயர். பொறுமையற்றது என்று பொருள். தொட்டதும் காயின் ஐந்து சுவர்களும் சுருண்டு விதைகளை எறியும். விதை பரவுதல் பாடத்தன்று பிள்ளைகளிடம் அளவுகோலைக் கொடுத்து, விதை விழுந்த தூரத்தை அளக்கச் சொன்னேன். அன்று மணி அடித்தும் யாரும் நகரவில்லை. தண்டு ஓரளவு ஒளி ஊடுருவுவது என்பதால், சிவப்பு மை கலந்த நீரில் வைத்தால் சைலம் வழியே நிறம் ஏறுவதும் கண்ணுக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். எங்கள் ஆறாம் வகுப்பில், இரும்பு ஆலையில் வேலை செய்யும் பீகார்க் குடும்பத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். சேர்ந்து மூன்று மாதமாகியும் வருகைப் பதிவுக்கு "உள்ளேன்" என்பதைத் தவிர ஒரு சொல் பேசியதில்லை. செடியைப் பார்த்ததும் "குல்மேந்தி!" என்று கத்தினாள். இந்தியில் அதன் பெயர் அதுதான். மேந்தி என்றால் மருதாணி. இதழ்களைக் கசக்கித் தன் நகத்தில் வைத்துக் காட்டினாள். கொரியாவிலும் சிறுமிகள் இதே பூவைப் படிகாரத்தோடு அரைத்து நகத்தில் கட்டுவது வழக்கம். மறுநாள் வகுப்பில் பாதிப் பெண்களின் நகம் ஆரஞ்சு நிறம். அவளைச் சுற்றி நின்று, "குல்மேந்தி, அப்புறம்? ரோஜாவுக்கு என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தமிழிலேயே பதில் சொன்னாள், தப்பும் தவறுமாக.

காகிதப் பொட்டலங்களில் விதை கொண்டுவந்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். நிறம் எதுவும் எழுதவில்லை. பூத்த பிறகு எனக்குச் சொல்லுங்கள்.