காத்திருக்கும் கூடத்தில் ஓர் அமைதியான அறை
(ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மருத்துவமனைக்குப் புதிய கட்டடம் என்றால் நாம் முதலில் படுக்கைகளை எண்ணுகிறோம். பிறகு சாய்தளம் உண்டா, லிப்ட் உண்டா என்று கேட்கிறோம். சக்கர நாற்காலிக்கு வழி வேண்டும் என்பதில் இன்று யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் கால்கள் நன்றாயிருந்தும் நம் கூடத்துக்குள் வந்து உட்கார முடியாதவர்கள் உண்டு. ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. போன்ற நரம்பியல் வேறுபாடுள்ள பிள்ளைகளையும் பெரியவர்களையும் சொல்கிறோம்.

இவர்களில் பலருக்கு ஓசை, ஒளி, வாசனை, தொடுதல் ஆகியவை அளவுக்கு மிஞ்சி உறைக்கும். சிலருக்கு மிகக் குறைவாக உறைக்கும். 2013-இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம்.-5 நூல் இதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

சாதாரணமான ஒரு புறநோயாளிகள் கூடத்தை எண்ணிப் பாருங்கள். தரையிலும் சுவரிலும் டைல்ஸ். கழுவுவதற்கு நல்லது, ஆனால் சத்தத்தை உள்வாங்காமல் திருப்பி அனுப்பும். ஒலிபெருக்கியில் டோக்கன் எண், மூலையில் டிவி, பினாயில் வாடை. பழைய சோக் உள்ள டியூப் லைட் நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. நமக்குத் தெரிவதில்லை, சிலருக்கு அது பெரிய தொல்லை. பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். "அடக்கமில்லாத பிள்ளை" என்கிறார்கள் பக்கத்தில் இருப்பவர்கள். தாய் ஓ.பி. சீட்டோடு வீடு திரும்புகிறாள். பல்வலியோ காதுவலியோ, வைத்தியமில்லாமலே போய்விடுகிறது.

இதற்கு வழி உண்டு. எகிப்தியக் கட்டடக் கலைஞர் மக்தா மொஸ்தஃபா 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஆட்டிசமுள்ள பிள்ளைகளைப் பராமரிப்பவர்கள், கட்டடத்தில் பிள்ளைகளை மிகவும் பாதிப்பது ஒலிதான் என்று அவரிடம் சொன்னார்கள். வகுப்பறையில் சத்தத்தைக் குறைத்து, ஒவ்வொரு வேலைக்கும் தனி இடம் ஒதுக்கியபோது பிள்ளைகளின் கவனம் கூடியது. முழு நிசப்தம் வேண்டாம், வெளியுலகத்துக்கும் பிள்ளை பழக வேண்டும் என்றும் அவர் எச்சரித்தார். பிரிட்டனின் தரநிர்ணய நிறுவனம் 2022-இல் இதற்கென்றே பி.ஏ.எஸ். 6463 என்னும் வழிகாட்டியை வெளியிட்டது. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்துக்கொண்டு, அரசு, தனியார் மருத்துவமனைகளின் எல்லாப் பகுதிகளிலும் தடையற்ற அணுகலைக் கேட்கிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்? மருத்துவமனையில் கம்பளம் விரிக்க முடியாது. ஆனால் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகைகள் பொருத்தலாம். மினுக்காத, குறைத்துக் கூட்டக்கூடிய விளக்குகள் போடலாம். வாசலிலிருந்து மருத்துவர் அறைவரை, அடுத்து எங்கே போக வேண்டும் என்று படம் போட்ட பலகைகள் வைக்கலாம். கூடத்தை ஒட்டி ஒரு சிறிய அறை வேண்டும்: டிவி இல்லை, ஒலிபெருக்கி இல்லை, சுவரோரம் முதுகு சாய்த்து உட்கார ஓர் இடம். முறை வரும்போது செவிலியர் வந்து மெதுவாக அழைப்பார். கட்டி முடித்தபின் மாற்றுவது செலவு. வரைபடத்திலேயே சேர்த்தால் சிறிது கூடுதல்தான்.

நண்பர்களே, இந்த அறையில் பெரிய இயந்திரம் எதுவும் இராது. படமெடுத்துக் காட்டவும் அதிகமிராது. ஆனாலும் அடுத்த கட்டடத்துக்கு நீங்கள் கொடுக்கும்போது, "அந்த அமைதியான அறை வரைபடத்தில் இருக்கிறதா?" என்று எங்களைக் கேளுங்கள். அதன் கதவு திறந்திருந்தால், திரும்பிப்போன அந்தத் தாய் அடுத்த முறை மருத்துவரைப் பார்த்துவிட்டே போவாள்.