எட்டாவது ஆள்



எழுவரோ ஒன்பதின்மரோ கைகோத்து ஆடுவது குரவை என்பர் உரையாசிரியர். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையிலே ஏழு பெண்கள் ஏழு சுரங்களின் பெயரைத் தாங்கி, நண்டுபோலக் கை பிணைத்து நிற்கிறார்கள். இதையெல்லாம் நான் வருடந்தோறும் கரும்பலகையில் எழுதி விளக்குகிறேன். “இப்ப இதை ஆர் ஆடுறாங்க, சேர்?” என்று ஒரு மாணவன் கேட்டுவிட்டான். நமது கும்மியும் கோலாட்டமும் தமிழ்த்தினப் போட்டி மேடைக்குப் போய்விட்டன. அங்கே புள்ளி உண்டு, நடுவர் உண்டு. கைகோத்து நிற்பவர்களிடையே உறவுமுறை இருக்கவேண்டியதில்லை.

அவன் கேட்ட ஆட்டம் அல்ல, ஆனால் அதற்கு அயல் உறவான ஒன்று நமது திருகோணமலையிலேயே, பாலையூற்றில் இருக்கிறது. அங்கு வாழும் போர்த்துக்கேயப் பறங்கியர் கலியாண வீட்டிலே ஆடும் லான்சர்ஸ் அது. நான்கு சோடிகள் சதுரமாக, முகத்துக்கு முகம் நிற்பர். ஆட்டத்துக்கு ஐந்து பகுதிகள். வணங்குவதும் இடம் மாறுவதுமாகச் சென்று, கடைசியில் ஆண்கள் ஒரு புறமாகவும் பெண்கள் மறுபுறமாகவும் சுற்றி, எதிர்ப்படும் ஒவ்வொருவருக்கும் வலக்கை, இடக்கை என மாற்றிக் கொடுத்துத் தம் சோடியிடம் வந்து சேர்வர். ஐந்து வருடமாக முகம் பாராத மச்சாளாயினும் கை கொடுத்தே தீரவேண்டும்!

1624இல் இங்கே கோட்டை கட்டியவர்கள் விட்டுச் சென்ற ஆட்டம் இதுவென்று எண்ணிவிடக் கூடாது. லான்சர்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய மண்டபங்களில் பரவிய நடனம். போர்த்துக்கேயர் ஆட்சி இந்தத் தீவில் 1658இலேயே முடிந்துபோயிற்று. இதே வீடுகளில் ஆடப்படும் கபிரிஞ்ஞாவின் பெயரிலோ ஆபிரிக்கக் காப்பிரியரின் நினைவு இருக்கிறது. அந்த மெட்டிலிருந்துதான் சிங்கள பைலா கிளைத்தது. அதை நாடறியச் செய்த வொலி பஸ்தியன் ஒரு பொலிஸ்காரர். கலப்பில்லாத கலை எங்கேயிருக்கிறது?

நண்பரொருவர் அழைப்பிலே நானும் அங்கு ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தேன். மெல்பேர்ணிலிருந்து ஒரு குடும்பம், மட்டக்களப்பிலிருந்து ஒரு குடும்பம் எனச் சொந்தங்கள் கூடியிருந்தன. கிழவர்கள் தமக்குள் போர்த்துக்கேயக் கிரியோல் பேசினார்கள். அவர்களுடைய பிள்ளைகள் தமிழில் பேசினார்கள். வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலந்தான். மூன்று தலைமுறைக்கும் பொதுவான வார்த்தை அதிகமில்லை. வயலின் தொடங்கியதும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

குறை வேறோரிடத்தில் இருந்தது. “எட்டுப் பேர் இல்லாட்டி செற் வராது, சேர்,” என்றார் வீட்டுப் பெரியம்மா. ஒவ்வொரு இடத்தையும் விரலால் காட்டி, முன்பு அங்கே நின்றவர் யார் என்று சொன்னார். ஒருவர் யுத்த காலத்தில் குடிபெயர்ந்தவர். மட்டக்களப்பு டச்பாரில் இருந்த இருவரை 2004 கடல்கோள் கொண்டுபோயிற்று. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு மாதரி நினைவுக்கு வந்தாள். குடத்துப் பால் உறையவில்லை, ஏற்றின் கண்ணில் நீர் சொரிகிறது, ஏதோ வரப்போகிறது என்ற அச்சத்திலேதான் அவள் குரவை ஆடுவோம் என்கிறாள். அந்தப் பகுதியை வெறும் களியாட்டமாகப் படிப்பிப்பவர்களோடு எனக்கு ஒருபோதும் உடன்பாடில்லை.

லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அண்மைக் காலத்தில் கிழக்கிலங்கைக்கு வந்து இம்மக்களின் மொழியையும் பாட்டையும் ஒலி, ஒளிப்பதிவு செய்திருக்கிறார்கள். பெரிய காரியம். ஆனாலும் பதிவுநாடா எழுந்து வந்து சதுரத்தில் நிற்காதே!

அன்று ஏழு பேர் சேர்ந்துவிட்டார்கள். எட்டாவதாக, மெல்பேர்ணிலிருந்து வந்த பன்னிரண்டு வயதுப் பையனைப் பிடித்து நிறுத்தினார்கள். மூன்றாம் பகுதியில் அவன் எதிர்ப்பக்கமாகத் திரும்பினான். பெரியம்மா தன் சுற்றை விடாமலே அவனைத் தோளில் பிடித்துத் திருப்பிவிட்டார். வயலின்காரர் நிறுத்தவில்லை.