ஆறு நூல் பலகை எதற்கு?

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். வண்டி முழுக்க ஒரே கனத்தில் பலகை போடமாட்டார்கள். சுமை உட்காரும் தளத்துக்குக் கனத்த பலகை, பக்கத்துக்கு அதைவிட மெலிந்தது, அடியில் குறுக்குச் சட்டங்கள். எங்கே அடி விழும், எங்கே வெறும் மறைப்பு போதும் என்பது அந்தக் கைகளுக்குப் பழகிப்போன கணக்கு. அதே கணக்கை, வீட்டில் வீடியோ கேம் பெட்டி செய்கிறவர்கள் போடுவதில்லை என்பதுதான் இன்று நான் சொல்ல வந்த குறை.

பெட்டி என்றால் எது என்று சொல்லிவிடுகிறேன். ஆள் உயரத்துக்கு நிற்கும். மேலே திரை, இடுப்பு உயரத்தில் சாய்ந்த ஒரு மேடை, அதில் ஒரு குச்சியும் வண்ணப் பொத்தான்களும். தொண்ணூறுகளில் காசு போட்டு ஆடியவர்கள் இன்று வீட்டுக்காரர்கள் ஆகிவிட்டார்கள்; அவர்களில் சிலருக்கு அதே பெட்டி வீட்டு வரவேற்பறையில் வேண்டும் என்ற ஆசை. மின்னணுப் பக்கம் அவர்களுக்குச் சிரமமில்லை. பழைய ஆட்டங்களை ஓட்டும் ‘மேம்’ மென்பொருள் 1997 முதலே இலவசமாகக் கிடைக்கிறது. கையகல ராஸ்பெரி பை கணினி 2012இல் வந்தது. மிச்சம் இருப்பது தச்சு வேலை. சொதப்பல் நடப்பதும் அங்கேதான்.

இணையத்தில் கிடைக்கும் வரைபடங்களில் பெரும்பாலானவை பலகைக் கனம் முக்கால் அங்குலம் என்று சொல்லும். நம் ஆசாரிமார் கணக்கில் ஆறு நூல். கடையில் 18 அல்லது 19 மில்லிமீட்டர். பெட்டி முழுக்க, முதுகு உட்பட, அதே கனத்தில் செய்து முடித்துவிட்டு, மாடிக்கு ஏற்ற நாலு பேரைத் தேடுகிறார்கள்.

முக்கால் அங்குலம் எங்கிருந்து வந்தது? 1972இல் அமெரிக்காவின் சன்னிவேல் ஊரில் ஒரு மதுக்கடையில் ‘பாங்’ ஆட்டத்தின் மாதிரிப் பெட்டியை வைத்தார்கள். ஆல் ஆல்கார்ன் என்ற பொறியாளர், கடையில் வாங்கிய கறுப்பு வெள்ளை டி.வி.யை மரப்பெட்டிக்குள் வைத்துச் செய்தது அது. பிறகு வந்த பெட்டிகளிலும் உள்ளே படக்குழாய்த் திரைதான். பின்னால் வயிறு தள்ளிக்கொண்டிருக்கும் கண்ணாடிக் குழாய். பெரிய திரை என்றால் அதுவே முப்பது கிலோ வரும். முழுப் பெட்டி நூறு கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். போதாக்குறைக்குத் தோற்றவன் உதைப்பான், ஊர் ஊராக லாரியில் ஏற்றி இறக்குவார்கள். அதற்குத்தான் அந்தக் கனம்.

இப்போது திரை தட்டையாகிவிட்டது. நாலைந்து கிலோதான். பெட்டியை யாரும் உதைக்கப் போவதில்லை, நம் பிள்ளைகளைத் தவிர. பிறகும் ஆறு நூலில் முதுகுப் பலகை எதற்கு?

இதில் ஒரு கணக்கு உண்டு. பலகையின் கனம் ஒன்றரை மடங்கானால் எடையும் ஒன்றரை மடங்கு. ஆனால் வளையாமல் நிற்கும் விறைப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடும். ஆகவே 12 மில்லிமீட்டரைவிட 18 நிச்சயம் விறைப்பானது. மறுக்கவில்லை. அந்த விறைப்பை வேறு வழியிலும் வாங்கலாம். 12 மில்லிமீட்டர் பலகையின் உட்புறம், மூலைகளிலும் நடுவிலும் ஒரு அங்குல ரீப்பர் கட்டையைப் பசை வைத்து முடுக்கினால் பக்கச்சுவர் அசையாது. லாரியில் குறுக்குச் சட்டம் செய்வதும் இதைத்தான். திருகு எல்லாம் உள்ளிருந்தே போகும் என்பதால் வெளிமுகத்தில் ஒரு தலைகூடத் தெரியாது.

எடையும் சொல்கிறேன். எட்டுக்கு நாலு அடித் தாளில், மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். 18 மில்லிமீட்டரில் ஏறத்தாழ 40 கிலோ. அதே அளவு பிளைவுட் 32 முதல் 35 வரை. 12 மில்லிமீட்டர் பிளைவுட் இருபத்திரண்டு கிலோ அளவில் நிற்கும். பெட்டியின் ஆழத்தை இரண்டடிக்குள் வைத்தால், ஆறடி உயரப் பக்கங்கள் இரண்டும் ஒரே தாளில் அடங்கிவிடும். மிச்சமாக நாலுக்கு இரண்டு அடித் துண்டும் கிடைக்கும்.

எந்த மரம்? எம்.டி.எஃப். வழவழப்பானது, வளைவாக வெட்டினாலும் ஓரம் பிசிறாது, பெயின்ட் அழகாகப் பிடிக்கும். வெளிநாட்டில் அதைக் கொண்டாடுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சேலத்திலும் ராசிபுரத்திலும் வீட்டைத் தினமும் ஈரத்துணி போட்டுத் துடைக்கிறோம். எம்.டி.எஃப்.பின் அடி ஓரம் அந்தத் தண்ணீரைக் குடித்து உப்பினால் திரும்பச் சுருங்காது. ஓரத்தில் திருகு முடுக்கினாலும் பிளக்கும். என் ஓட்டு பிளைவுட்டுக்கு. வீட்டு உபயோகத் தாளில் ஐ.எஸ். 303 என்ற எண் இருக்கும். 710 என்றிருந்தால் கடல் தரம், இந்த வேலைக்கு அவ்வளவு தேவையில்லை. தாளை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் வந்தால் உள்ளே இடைவெளி இருக்கிறது. கட்டடத்தில் சென்ட்ரிங்குக்குப் போட்டுக் கழித்த தாள் மலிவு என்று சிலர் வாங்குகிறார்கள். வளைந்து போனதை நிமிர்த்துவதற்குள் மலிவு தீர்ந்துவிடும்.

தேக்கில் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டடி அகலத்துக்குத் தேக்குப் பலகை ஒட்டிச் சேர்க்க வேண்டும். சித்திரை வெயிலில் ஒடுங்கும், ஐப்பசி ஈரத்தில் விரியும். பிளைவுட்டில் ஒவ்வொரு அடுக்கின் நாரும் அடுத்த அடுக்குக்குக் குறுக்காக ஓடுவதால் அந்தத் தொல்லை குறைவு. உள்ளூரில் கிடைக்கும் மரத்தை ரீப்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள். வேம்பு பூச்சிக்குத் தாங்கும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கும் மிளகுக்கொடி படரவும் நிற்கிற சில்வர் ஓக்கையும் எளிதாக இழைக்கலாம், நன்றாகக் காய்ந்திருந்தால் போதும்.

கஞ்சத்தனம் கூடாத முதல் இடம், குச்சியும் பொத்தான்களும் உட்காரும் கைமேடை. அங்கே 18 மில்லிமீட்டர் வேண்டும். உள்ளங்கை அழுத்துவதும் குச்சியை இழுத்து ஆட்டுவதும் அங்கேதான். அமெரிக்கப் பாணிப் பொத்தானுக்கு 28 மில்லிமீட்டர் துளை, ஜப்பானியப் பொத்தானுக்கு 30. துளைகள் நெருக்கமாக வருவதால், கட்டைகளை அடுக்கிச் செய்த பிளாக்போர்டு வேண்டாம். உள்ளே இருக்கும் கட்டைகளின் சந்தில் துளை விழுந்தால் ஓரம் பெயரும். ஜப்பானியப் பொத்தான்களில் சும்மா அழுத்திப் பொருத்தும் வகை மெல்லிய தகட்டுக்காகச் செய்யப்பட்டது, தடித்த மரத்தில் அதன் கொக்கி பிடிக்காது. மரை போட்டு இறுக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஜாய்ஸ்டிக்கை அப்படியே அடியில் மாட்டினால் குச்சி குட்டையாகிவிடும். ரூட்டரால் அடிப்புறத்தைக் குழித்து, அந்த இடத்தை மட்டும் மெலிவாக்கி மாட்டுவதுதான் நல்ல தச்சனின் அடையாளம். மேடையைக் கீல் போட்டு வைத்தால் பிறகு ஒயர் பார்க்க எளிது.

முதுகுக்கு 6 மில்லிமீட்டர் தாராளம். காற்றுக்கு மேலும் கீழும் துளை வையுங்கள், நம் ஊர் வெயிலுக்கு அது அவசியம். மைக்கா ஒட்டினால் இரு பக்கமும் ஒட்டுங்கள், ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய மெல்லிய தாள் வில்லாகும். ஓரத்துக்கு டி வடிவ பிளாஸ்டிக் பட்டை இங்கே தேடிக் கிடைப்பது அரிது; மரப் பீடிங்கே லட்சணமாக இருக்கும்.

மெலிந்த பெட்டிக்கு ஒரே ஒரு கெடுதல் உண்டு. ஆட்டம் சூடுபிடித்தால் அதுவும் சேர்ந்து ஆடும். பழைய பெட்டிகளின் எடை அவற்றை அசையாமல் பிடித்து வைத்திருந்தது. அடிப்பலகையை 18இல் போட்டு, அதன்மேல் கிரானைட் கடையில் கழித்த துண்டு இரண்டை வையுங்கள். எடை கீழே இருந்தால் கவிழாது. அடியில் ரப்பர் புஷ் வைத்து ஒரு அங்குலம் தூக்கிவிட்டால் துடைக்கும் தண்ணீர் தொடாது, கரையான் ஏறினாலும் கண்ணில் படும்.

18 மில்லிமீட்டருக்கு முழுத் தாள் வாங்க வேண்டாம். கைமேடைக்கும் அடிக்கும் வேண்டிய அளவு, எந்தத் தச்சுப் பட்டறையிலும் வெட்டு மிச்சமாகக் கிடக்கும், கேளுங்கள். மிச்சமாகிற பணத்தை நல்ல ஜாய்ஸ்டிக்கில் போடுங்கள். ரம்பம் வைக்கும் முன் பழைய ஃபிரிட்ஜ் அட்டையில் பக்கச்சுவரை வெட்டி நிறுத்தி, கைமேடையை மூன்றடி உயரத்தில் வைத்து, ஆடப்போகிறவர் எல்லாரையும் அதன்முன் நிற்க வைத்துப் பாருங்கள். குழந்தைகளுக்கு எட்டவில்லை என்றால் உயரத்தை அப்போதே குறைத்துவிடுங்கள்.