போர்வீரனுக்கு ஆறடி நிலம்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் சாவைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். விழாக் குழுவினர் எமக்கு அளித்த தலைப்பு 'கல்வியும் முன்னேற்றமும்' என்பது. அதை மாற்றித் தருமாறு யாம் கேட்டுக்கொண்டோம். காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி அடைமழையில், எம் பகுதியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் காலமானார். 1971ஆம் ஆண்டுப் போரில் கிழக்கு முனையில் பணியாற்றியவர். ஊரில் 'பட்டாளத்தார்' என்றால் அவர்தாம். நம் மக்களின் இடுகாட்டுக்குச் செல்லும் வண்டிப்பாதை எப்போதோ ஒருவருடைய வயலோடு வயலாகிவிட்டது. அன்று அவ்வயலில் நடவு முடிந்திருந்தது. வரப்பிலும் கால் வைக்கக் கூடாது என்றனர். இடுப்பளவு நீரோடிய வாய்க்காலில் இறங்கி, பாடையைத் தலைக்குமேல் தூக்கிச் சென்றோம். அவருடைய பதக்கங்களைப் பேரப்பிள்ளை கைக்குட்டையில் முடிந்து, நனையாமல் உயர்த்திப் பிடித்து வந்தான்.

பதினாறாம் நாள் கழிந்தபின், அவருடைய துணைவியார் ஓர் இரும்புப் பெட்டியோடு பள்ளிக்கு வந்தார். "ஐயா, இதுல என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். படைவிடுப்பு ஏட்டின் ஓரங்களைப் பூச்சி தின்றிருந்தது. அதைவிடக் கொடுமை, ஏட்டில் மனைவியின் பெயர் வேறு. அம்மையாரை வீட்டில் அழைக்கும் பெயரையே படையில் சேர்ந்த நாளில் யாரோ ஓர் எழுத்தர் எழுதிவிட்டார், அதுவும் பிழையாக. அதைத் திருத்திக் குடும்ப ஓய்வூதியம் அவர் கைக்கு வந்துசேர ஒன்றரை ஆண்டு ஆயிற்று. ஒவ்வொரு குடியரசு நாளிலும் அப்பெரியவரை அழைத்துக் கொடியேற்றச் செய்தவர்கள் யாமே. 'உங்கள் ஏடுகளைக் காட்டுங்கள், படித்துப் பார்ப்போம்' என்று ஒருமுறையேனும் கேட்டோமில்லை. ஆசிரியத் தொழிலில் இருந்துகொண்டு அதைச் செய்யாதது எமது குற்றமே.

அதன் பின்னரே, போர்வீரரின் இறுதி மரியாதை பற்றி உலகில் பிறர் என்ன செய்துள்ளனர் என்று தேடிப் படிக்கலானோம். அப்படிப் படித்தவற்றுள் ஒன்று எம்மை உறங்கவிடவில்லை.

அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த காலம். 1862ஆம் ஆண்டிலேயே, நாட்டுக்காக உயிர் நீத்த படைவீரரை அடக்கம் செய்யத் தேசிய மயானங்கள் அமைக்கச் சட்டம் இயற்றப்பட்டது. வர்ஜீனியா மாநிலத்து அலெக்சாண்டிரியா நகரில் அத்தகைய மயானம் ஒன்று இருந்தது. அந்நகரில் கறுப்பினப் படைவீரர்களுக்கென ஒரு மருத்துவமனையும் இருந்தது. ஹெயிட்டித் தீவின் விடுதலை வீரரான லூவெர்த்தூரின் பெயரே அதற்கு இடப்பட்டிருந்தது. பெயரில் விடுதலை இருந்தது; ஆனால் அங்கு இறந்த வீரர்களைப் படைவீரர் மயானத்துக்குக் கொண்டுசெல்லாமல், அடிமைத்தளையினின்று தப்பி வந்த ஏழை மக்களைப் புதைக்கும் வேறோரிடத்தில் அடக்கம் செய்தனர். 1864 டிசம்பரில் அம்மருத்துவமனையில் படுத்திருந்த 443 வீரர்கள் சேர்ந்து ஒரு விண்ணப்பம் விடுத்தனர். வெள்ளைத் தோழரோடு அதே போரில் நாங்களும் நிற்கிறோம்; நாங்கள் அமெரிக்கப் படையின் வீரர்கள்; எங்கள் உடல்களும் அவ்வீரர்களிடையே அடங்க வேண்டும் என்பது அதன் சாரம். அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதே பல தென்மாநிலங்களில் சட்டப்படி குற்றமாயிருந்த நாடு அது என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

விண்ணப்பம் வென்றது. 1865ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், முன்னரே புதைக்கப்பட்டிருந்த நூற்றுக்கு மேற்பட்ட வீரர்களின் உடல்களைத் தோண்டியெடுத்துப் படைவீரர் மயானத்தில் மறுபடியும் அடக்கம் செய்தனர். அங்கும் தனிப்பகுதியில்தான் என்பதையும் சொல்லிவிடுகிறோம். அந்த ஏழைகளின் இடுகாடு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். 1,700க்கு மேற்பட்டோர் துயிலும் அந்நிலத்தின்மேல் 1955இல் பெட்ரோல் நிலையம் எழுந்தது. அதை மீட்டு நினைவிடமாக்கியது 2014இல்தான். இடுகாட்டு நிலம் பறிபோவது நம் சேரிகளில் மட்டும் நடப்பதன்று.

1951ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. ஜான் ரைஸ் என்பவர் அமெரிக்கப் பழங்குடியினர். கொரியப் போரில் மாண்ட சார்ஜென்ட். அவருடைய உடலை அயோவா மாநிலத்துச் சூ நகரில் அடக்கம் செய்யச் சடங்குகளும் முடிந்துவிட்டன. அந்நிலையில், இது வெள்ளையர்க்கு மட்டுமான இடம் என்று கூறி மயான நிர்வாகத்தினர் குழிக்குள் இறக்க மறுத்தனர். செய்தித்தாளில் இதைக் கண்ட குடியரசுத் தலைவர் ட்ரூமன் சினந்து, ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் முழுப் படை மரியாதையுடன் அடக்கம் செய்ய ஏற்பாடு செய்தார். அந்த ஆர்லிங்டனிலும் நிறவாரியாகப் பிரித்துப் புதைக்கும் வழக்கம் ஒழிந்தது 1948இல்தான்.

இன்று அங்குள்ள நிலை என்ன? இழிவான விடுப்புப் பெறாத முன்னாள் படைவீரர் எவர்க்கும், இடமுள்ள தேசிய மயானத்தில் குழி, குழி வெட்டி மூடும் செலவு, பெயர் பொறித்த கல், சவப்பெட்டியைப் போர்த்தும் தேசியக் கொடி, காலமெல்லாம் பராமரிப்பு ஆகிய யாவும் இலவசம். எரித்த சாம்பலையும் அங்கே வைக்கலாம். துணைவியோ கணவரோ உடன் அடங்கலாம். சொந்த ஊர் மயானமே போதும் என்போர்க்கும் கல் கிடைக்கும். சீருடை அணிந்த இருவரேனும் வந்து கொடியை மடித்துக் குடும்பத்தாரிடம் தருதல் வேண்டும். 2016 முதல், வீரர் உயிரோடிருக்கும்போதே தம் தகுதியை எழுதிப் பெற்றுக்கொள்ளலாம். இந்த ஒன்றைக் கண்டபோது எமக்கு அந்த இரும்புப் பெட்டி நினைவுக்கு வந்தது.

ஆங்கிலேயர் 1917இல் அமைத்த போர்க் கல்லறை ஆணையம், பதவி, சாதி, சமயம் பாராது எல்லார்க்கும் ஒரே மரியாதை என்று முழங்கிற்று. பிரான்சு நாட்டு நவ் சப்பேலில் 1927இல் திறக்கப்பட்ட நினைவிடத்தில் 4,700க்கு மேற்பட்ட இந்தியர் பெயர்கள் உள்ளன. பாசுரா நினைவுச் சின்னத்திலோ வெள்ளைச் சிப்பாய்களுக்குப் பெயர். இந்திய அதிகாரிகளுக்கும் பெயர். இந்தியச் சிப்பாய்களுக்கு வெறும் எண்ணிக்கை. இத்தகைய வேறுபாடுகளை ஆணையமே ஆராய்ந்து 2021இல் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. பழைய சென்னைப் படையிலும் சாப்பர் படையிலும் நம் முன்னோர் பெருந்தொகையினராய் இருந்தவர்கள். பின்னர், போர்க்குலம் என்றொரு கோட்பாட்டைச் சொல்லி வாயிலைக் குறுக்கினர். கோரேகாவ்ங் தூணில் 1818ஆம் ஆண்டுப் போரில் மாண்ட 22 மகர் வீரர் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தமையால் அன்றோ, 1927 ஜனவரி முதல் நாள் அண்ணல் அம்பேத்கர் அங்கே சென்று நிற்க முடிந்தது!

நம் நாட்டில் முன்னாள் படைவீரர்க்கென அமெரிக்காவைப்போல் தேசிய மயானங்கள் இல்லை. ஊர் மயானமே கதி. அவ்வூர் எப்படிப்பட்டது என்பதை நாம் அறிவோம். 2016 ஜூனில் காசுமீரத்துப் பாம்பூரில் வீரமரணமுற்ற மத்திய ரிசர்வ் போலீஸ் படை வீரர் ஒருவரின் உடலை எரிக்க, உத்தரப் பிரதேசத்தில் அவருடைய சொந்த ஊரின் மேல்சாதியார் பொதுநிலத்தைத் தர மறுத்தனர். அதிகாரிகள் வந்து பேசிய பின்னரே இணங்கினர். 2019 ஆகஸ்டில் நம் வாணியம்பாடி அருகே, வயல்வழி மறுக்கப்பட்டு, பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி ஒரு பிணத்தை இறக்கியதை நாடே கண்டது. தேசியக் கொடி போர்த்தினாலும், அதைச் சுமந்து செல்லப் பாதை வேண்டுமே! பாதைக்கு வட்டாட்சியரிடம் எழுத்து வடிவில் மனு வேண்டும். அளவைப் படத்தில் அப்பாதை குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். சாவு விழுந்த வீட்டில் அமர்ந்து இதைச் செய்ய இயலாது.

எனவே, சங்கத்துக்கு எமது வேண்டுகோள் இது. நம் ஐந்து ஊர்களிலும் உள்ள முன்னாள் படைவீரர் குடும்பங்களின் பட்டியலொன்றை நம் படிப்பகத்தில் வைப்போம். படைவிடுப்பு ஏடு, ஓய்வூதிய ஆணை, மனைவி மக்கள் பெயர்கள், வங்கிக் கணக்கு ஆகியவற்றை உயர் வகுப்பு மாணவர்கள் ஒப்புநோக்கிப் படியெடுக்கட்டும். பெயர்ப் பிழை இருப்பின் வீரர் உயிரோடிருக்கும்போதே திருத்த மனு எழுதுவோம். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதைச் சுவரில் எழுதி வைப்போம். ஈமச் சடங்குக்கும் கைம்பெண்களுக்கும் உள்ள உதவிகளை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டறிந்து வர இருவரை அமர்த்துவோம்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு யாம் படிப்பகத்தில் இருப்போம். பட்டாளத்துப் பெரியவர்கள் பெட்டியோடு வருக. மனைவியையும் உடனழைத்து வர வேண்டும். அவருடைய பெயரை அவர் வாயாலேயே கேட்டு எழுத வேண்டியிருக்கிறது.