பழைய லேத், புதுப் பெயிண்ட்: இணையத்தில் இயந்திரக் கருவி வாங்கும்போது

(தொழிற்பயிற்சி முடித்துச் சொந்தப் பட்டறை தொடங்க இருக்கும் இளைஞர்களுக்காகக் கோவையில் நடந்த நுகர்வோர் விழிப்புணர்வுக் கூட்டத்தில், லேத் பட்டறை நடத்திவரும் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

டர்னர், ஃபிட்டர், மெஷினிஸ்ட் என்று மூன்று டிரேடு பிள்ளைகளும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். லேத் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் கையிலிருக்கும் போனில் லேத்தை எப்படி விற்கிறார்கள் என்பதைத்தான் பேசப்போகிறேன்.

முன்பெல்லாம் பழைய மெஷின் வேண்டுமென்றால் கணபதி, பீளமேடு பக்கம் நாலு பட்டறை ஏறி இறங்குவோம். ஓட்டிப் பார்ப்போம், சத்தம் கேட்போம், பிறகுதான் விலை பேசுவோம். இப்போது ராஜ்கோட்டில் இருக்கும் மெஷினும் படாலாவில் இருக்கும் மெஷினும் பக்கத்துத் தெருவில் நிற்பது மாதிரி போனில் தெரிகிறது. நல்லதுதான், தேர்ந்தெடுக்க நிறைய கிடைக்கிறது. ஆனால் போனில் சத்தம் கேட்காது, கை வைத்துப் பார்க்க முடியாது. அம்மாவின் நகையை வைத்தோ கடன் வாங்கியோ நீங்கள் மெஷின் எடுக்கிறீர்கள். மெஷின் ஓடாவிட்டாலும் தவணை ஓடும், அதை மறந்துடாதீங்க.

இந்த விளம்பரங்களைத் தினமும் பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பச்சைப் பொய் எழுதுகிறவர்கள் குறைவு. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். ‘ஆறடி லேத், வொர்க்கிங் கண்டிஷன்’ என்று போட்டிருப்பார்கள். இரண்டுமே உண்மையாக இருக்கும். ஆறடி என்பது பெட்டின் நீளம். ஹெட்ஸ்டாக்கும் டெயில்ஸ்டாக்கும் உட்கார்ந்தபின் சென்டருக்குச் சென்டர் கிடைப்பது ஏறத்தாழப் பாதிதான். நீங்கள் எடுக்க நினைக்கும் ஷாஃப்ட் வேலை அதில் அடங்குமா என்பது விளம்பரத்தில் இருக்காது. ‘வொர்க்கிங் கண்டிஷன்’ என்றால் சுவிட்ச் போட்டால் சக் சுற்றும் என்றுதான் பொருள். நூறில் ஒரு மில்லிமீட்டர் நிற்குமா என்பது வேறு கேள்வி.

இன்னொரு வார்த்தை ‘டைப்’. ‘எச்.எம்.டி. டைப் லேத்’ என்று பார்த்தால், அது எச்.எம்.டி. லேத் இல்லை என்று விற்பவரே சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1953-ல் பெங்களூரில் தொடங்கிய அந்த நிறுவனத்தின் பழைய மெஷின்களுக்கு இன்றும் மதிப்பு இருப்பதால்தான் அந்தப் பெயரை ஒட்டவைக்கிறார்கள். ‘டைப்’ மெஷின் மோசம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு எச்.எம்.டி. விலை கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

‘ரீகண்டிஷன்’ என்ற சொல்லுக்கு வருவோம். பெட்டை கிரைண்டிங் செய்து, சேடிலை ஸ்கிரேப்பிங் செய்து, பேரிங் மாற்றினால் அது ரீகண்டிஷன். எண்ணெய் துடைத்துப் பச்சைப் பெயிண்ட் அடித்தாலும் சிலருக்கு அது ரீகண்டிஷன்தான். போட்டோவில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். ‘என்னென்ன வேலை செஞ்சீங்க, கிரைண்டிங் எங்கே கொடுத்தீங்க, பில் இருக்குங்களா?’ என்று கேட்டுப் பாருங்கள். வேலை செய்தவர் பத்து நிமிடம் பேசுவார். பெயிண்ட் மட்டும் அடித்தவர் விலையைக் குறைப்பார்.

அடுத்தது வீடியோ. விற்பவர் தானாக அனுப்பும் வீடியோவை நம்பாமல், நீங்கள் சொல்கிறபடி ஒன்று எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முதலில் சாக்பீஸால் பெட் மேல் அன்றைய தேதியையும் உங்கள் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். எங்கிருந்தோ எடுத்த படத்தை வைத்து விற்கிறவரால் இதைச் செய்ய முடியாது. பிறகு சேடிலைச் சக் பக்கத்திலிருந்து டெயில்ஸ்டாக் வரை நிறுத்தாமல் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பெட் அதிகம் தேய்வது சக் பக்கத்தில்தான், வேலை அங்கேதானே நடக்கிறது. தேய்ந்த இடத்துக்கு ஏற்ப கிப்பை முறுக்கி வைத்திருந்தால், தேயாத பக்கம் போகப் போக சேடில் இறுகி நிற்கும். அப்படி நின்றால் விலை பேசாமல் விட்டுவிடலாம். கிராஸ் ஸ்லைடு கைப்பிடியைத் திருப்பி எதிர்ப்பக்கம் சுற்றும்போது எத்தனை கோடு சும்மா போகிறது என்று பாருங்கள். இந்த பேக்லாஷ் ஓரளவு இருந்தால் பயப்பட வேண்டாம், நட் மாற்றிக்கொள்ளலாம். பெட் தேய்மானம் அப்படியில்லை, அதைச் சரிசெய்யும் செலவு பெரிது. கால் மணி நேரமாவது ஓடவிட்டு, ஹெட்ஸ்டாக் சத்தத்தையும் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள்.

கூட என்னென்ன வரும் என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். படத்தில் நான்கு ஜா சக், ஃபேஸ் பிளேட், ஸ்டெடி, சேஞ்ச் கியர் எல்லாம் வரிசையாக அடுக்கியிருக்கும். லாரியில் மெஷின் மட்டும் இறங்கும். சேஞ்ச் கியர் செட் இல்லாமல் திரெட் வெட்டுகிற வேலையை எப்படி எடுப்பீர்கள்? மோட்டார் சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா என்பதையும் மறக்காதீர்கள்.

இவ்வளவு கேட்டபிறகும், டன் கணக்கில் எடையுள்ள மெஷினைப் பார்க்காமல் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. போக வர ரயில் டிக்கெட் செலவு, மெஷினைத் திருப்பி அனுப்பும் லாரி வாடகைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. போகும்போது ஒரு டயல் கேஜ், ஒரு மைக்ரோமீட்டர் எடுத்துப் போங்கள். ஸ்பிண்டிலில் டயல் வைத்து ஆட்டம் பாருங்கள். ஒரு கம்பியைக் கடைந்து இரண்டு முனையிலும் அளந்து பாருங்கள். அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி. நடத்தும் மின் ஏலத்தில் மெஷின் எடுக்க நினைப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். அங்கே சரக்கு எங்கே, எப்படி இருக்கிறதோ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஏலத்துக்கு முன் பார்வையிட நாள் கொடுப்பார்கள். அந்த நாளில் போகாமல் ஏலம் கேட்பது சீட்டாட்டம் மாதிரி.

சின்னக் கருவிகளை இணையத்தில் வாங்கலாம், நானும் வாங்குகிறேன். அங்கே தந்திரம் வேறு மாதிரி. கார்பைடு இன்செர்ட் எடுத்துக்கொள்ளுங்கள். சி.என்.எம்.ஜி. 120408 என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து நான்கு வெட்டு முனை. படத்தில் ஒரு பக்கம்தான் காட்டுவார்கள். திருப்பிப் பார்த்தால் இரண்டு முனை ஏற்கனவே வேலை செய்து கருத்திருக்கும். பத்து இன்செர்ட் வாங்கியதாக நினைப்பீர்கள், உண்மையில் கையில் இருப்பது ஐந்துதான். கடைசி 08 என்பது 0.8 மில்லிமீட்டர் மூக்கு ஆரம். 04 வந்தால் 0.4. பெட்டி இல்லாமல் பொட்டலமாக வந்தால் இந்த எண்ணை எதை வைத்துச் சரிபார்ப்பீர்கள்?

‘எச்.எஸ்.எஸ்.’ என்று குத்திய டிரில் பிட் பாதி விலைக்கு வந்தால், அதில் ஒன்றை மட்டும் கிரைண்டிங் வீலில் லேசாகத் தொட்டுப் பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டுதான். உரசுவதற்கு முன் படம் எடுத்து வைத்துவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்பார்கள். சாதாரணக் கார்பன் எஃகு என்றால் மஞ்சளாகப் பளிச்சென்று பூப்பூவாகச் சிதறும். ஹைஸ்பீடு எஃகு மங்கலான சிவப்பாக, சிதறாமல் கோடாக வரும். பெரிய டேப்பர் ஷாங்க் டிரில்லில் பிடிப்புப் பகுதியை வேறு எஃகில் வெல்டு செய்திருப்பது வழக்கம், அதனால் ஷாங்கை உரசி முடிவு கட்டாதீர்கள். மிட்டுடோயோ போன்ற பெயர்பெற்ற அளவுக் கருவிகளுக்கும் போலி உண்டு. பெட்டி, எழுத்து எல்லாம் அச்சு அசலாக இருக்கும். வந்ததும் ஐ.டி.ஐ. லேபுக்கு எடுத்துப்போய் ஸ்லிப் கேஜ் வைத்துப் பாருங்கள். பார்சலைப் பிரிக்கும்போது, முகவரிச் சீட்டு தெரிய, நடுவில் வெட்டாமல் வீடியோ எடுங்கள்.

பணம் கட்டும் இடத்துக்கு வருவோம். விற்பவர் ஜி.எஸ்.டி. எண் கொடுத்தால், 15 இலக்கம் இருக்கிறதா பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாடு 33, குஜராத் 24, பஞ்சாப் 03. ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பதிவு செய்தவர் பெயர், முகவரி, பதிவு உயிரோடு இருக்கிறதா ரத்தாகிவிட்டதா எல்லாம் இலவசமாகத் தெரியும். யு.பி.ஐ.யில் பணம் அனுப்பும் முன் திரையில் வரும் பெயரும் அந்தப் பெயரும் ஒத்துப்போகிறதா பாருங்கள். சின்ன வியாபாரிக்குப் பதிவு இல்லாமல் இருக்கலாம், அதனாலேயே அவர் ஏமாற்றுக்காரர் ஆகிவிட மாட்டார். ஆனால் ‘நான் ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றல் ஆகிவிட்டது, அடையாள அட்டை அனுப்புகிறேன், இன்னும் மூன்று பேர் கேட்கிறார்கள், பாதிப் பணம் உடனே போடு’ என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இது ஊரறிந்த மோசடி முறை.

இப்போது சட்டம். ‘தொழிலுக்கு வாங்கின மெஷினுக்கு நுகர்வோர் கோர்ட் கிடையாது’ என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். பாதி உண்மை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை விலக்குகிறது. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்துகிறவரை வணிக நோக்கம் என்று அது சொல்லவில்லை. 1995-ல் லட்சுமி என்ஜினியரிங் வொர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குச் சொன்ன உதாரணங்களில் ஒன்று என்ன தெரியுமா? பிழைப்புக்காகத் தானே ஓட்ட லேத் வாங்குகிறவர்! உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் அவர் நுகர்வோர்தான் என்றது. அந்த வழக்கில் மெஷின் வாங்கிய நிறுவனத்தின் தொழில் பெரியது என்பதால் அதற்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

அதே சட்டம், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் தவறாக வழிநடத்தும் விளம்பரம்தான் என்கிறது. பழையதை, ரீகண்டிஷன் செய்ததைப் புதிது என்று விற்பது நேர்மையற்ற வணிக முறை. 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால், தளத்தில் விற்கும் வியாபாரி அதைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

ஆனால் தன் சொந்தப் பழைய மெஷினை ஒரே ஒருமுறை விற்கும் தனிநபருக்கு அந்த மின்வணிக விதிகள் பொருந்தாது. அவர் விஷயத்தில் சரக்கு விற்பனைச் சட்டம், 1930 இருக்கிறது: விவரம் சொல்லி விற்றால், சரக்கு அந்த விவரத்தோடு பொருந்த வேண்டும். அதற்கு விவரம் எழுத்தில் இருக்க வேண்டுமே! போனில் பேசி முடித்தவுடன் ஒரு செய்தி அனுப்புங்கள்: ‘அண்ணா, நீங்க இப்போ சொன்னபடி பெட் கிரைண்டிங் செஞ்சது, சேஞ்ச் கியர் முழு செட், நாலு ஜா சக், எல்லாம் சேர்த்து இந்த விலை. சரிங்களா?’ ‘சரி’ என்று ஒரு வார்த்தை வந்தபிறகுதான் முன்பணம். விளம்பரத்தை இணைய முகவரியும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கே அதை அழித்துவிடலாம். உரையாடலை உங்கள் போனிலிருந்து அழிக்காதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் தர வேண்டியிருக்கும்போது அசல் போன் உங்களிடம் இருப்பது நல்லது.

முன்னாடி உட்கார்ந்திருக்கும் தம்பி, ஏமாந்துவிட்டால் முதலில் எங்கே போவது என்று கேட்டார். பணம் போட்டபின் விற்றவர் போனை எடுக்கவில்லை, ஆளே போலி என்றால், அந்த நிமிடமே 1930. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்கு முன் தடுக்கத்தான் அந்த எண், அதனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். ஆள் உண்மை, சரக்குதான் சொன்னபடி இல்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். அவர்கள் பேசித் தீர்க்க முயல்வார்கள், தீர்ப்பு சொல்லும் அதிகாரம் கிடையாது. அங்கே முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ராஜ்கோட்டுக்குப் போக வேண்டியதில்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். மனுவில் ‘சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கியது, நானே இயக்குகிறேன்’ என்ற வரியை எழுத மறக்காதீர்கள், உங்கள் ஐ.டி.ஐ. சான்றிதழ் நகலையும் இணைத்துவிடுங்கள்.